சல்லடையில் தங்கினது

ஏசி ஓடலை. ஓடும்னு சொல்லித்தான் எல்லா ஜன்னலையும் சாத்தினாங்க, இப்ப ஓடலை, ஜன்னலைத் திறந்தா திரையில படம் தெரியாதாம், அதனால நாப்பது பேரும் உள்ள வேகறோம். நான் கடைசி வரிசை, கதவோரம். லேப்காரி உக்கார வேண்டிய இடம் இதுதான்னு யாரும் சொல்ல வேண்டாம், இருபத்துமூணு வருசமா இந்தத் துறையில எத்தனை பி.எச்டி. வாய்மொழித் தேர்வு பாத்தாச்சு, எல்லாத்துக்கும் இதே நாற்காலிதான், டீ வந்தா சத்தமில்லாம எந்திரிச்சுப் போக வசதி. முன்னால நிறைமதி நிக்கறா. மெரூன் கலர் பட்டுப்புடவை. தோள்ல பின்னு சரியா நிக்கலை, திரையைக் காட்டக் கையைத் தூக்கும்போதெல்லாம் மடிப்பு நழுவுது, பேச்சோட பேச்சா இழுத்து விட்டுக்கறா. நான் குத்தி விட்டிருந்தா நழுவாது. காலையில குத்தி விடத்தான் போனேன், என் கை நடுங்கினதைப் பாத்துட்டு அவங்கம்மா பின்னை வாங்கிக்கிட்டாங்க. ஏன் நடுங்குதுன்னு ஒருத்தரும் கேக்கலை, வயசாயிருச்சுன்னு நெனச்சிருப்பாங்க. என் கை நடுங்காது. பொடி மணல்ல பாதி இருக்கற சிப்பியை மயிர் மாதிரி பிரஷ் நுனியில தொட்டு எடுத்து, கறுப்பு அட்டையில கட்டம் கட்டமா ஒட்டி வெக்கற கை இது, பொங்கல் லீவுக்கு முந்தின நாள் கூட நடுங்காம வேலை பாத்த கை. இன்னைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் நடுங்கலை. பத்து மணிக்கு அதைப் பாத்தேன்.

நீலமா இருந்துச்சு. அவ்வளவு பெரிசா இல்லை, இங்க் கொட்டின மாதிரி எல்லாம் இல்லை, அறை அறையா இருக்கற சிப்பியோட கடைசி அறை ஓரத்துல லேசா, சொட்டு நீலம் போட்ட வெள்ளை வேட்டி இருக்குமே அந்த அளவுக்கு. வெளியூர்லேருந்து வந்திருக்கற தேர்வாளர் அம்மா, பத்மலோசனி மேடம், நிறைமதி ஆய்வுக்கே ஆதாரமான அந்த மூணு சிப்பியையும் நேர்ல பாக்கணும்னு சொன்னாங்களாம், நேத்தே சொல்லிட்டுப் போனா, அக்கா அது ஒட்டின ஸ்லைடை ஒரு தடவை தொடைச்சு வெச்சிருங்கன்னு. நல்ல பிள்ளை, நல்லாத் தெரியட்டும்னு, போன மாசம் வந்த புது மைக்ராஸ்கோப்புல வெச்சேன். புதுசுல வெள்ளை லைட்டு. பழசுல மஞ்சள் பல்பு. ஆறு வருசமா அந்த மூணையும் மஞ்சள் பல்புலதான் எல்லாரும் பாத்திருக்கோம், போட்டோ எடுக்கறதோ கறுப்பு வெள்ளை. மஞ்சள்ல அந்த நீலம் தெரியலை. வெள்ளையில தெரிஞ்சுது. முதல்ல என் கண்ணுதான் சரியில்லைன்னு கண்ணாடியைத் தொடைச்சேன். அப்புறம் லென்ஸைத் தொடைச்சேன். அப்புறம் முந்தானையால முகத்தைத் தொடைச்சேன், எதைத் தொடைச்சா அது போகும்? மூணுல ரெண்டு வெள்ளை. ஒண்ணு நீலம். அந்த நீலம் என்னோடது. உலகத்துலயே அது யாரோட நீலம்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான், ஏன்னா அந்தச் சாயத்தைக் கரைச்சு வெக்கறதே நான்தான்.

இதை யாருக்குச் சொல்றது, எப்படிச் சொல்றது. சுரங்கத்துலேருந்து களிமண்ணு கட்டி கட்டியா வரும். ஊறவெச்சு, குழாய்க்கு அடியில சல்லடையில ஊத்திக் கழுவணும். களி போயிரும், பொடிச் சிப்பி தங்கும். ஒரு மண்ணைக் கழுவினதும் சல்லடையைத் தேய்ச்சுக் கழுவி, நீலச் சாயத் தண்ணியில பத்து நிமிசம் முக்கி வெக்கணும், அப்புறம்தான் அடுத்த மண்ணு. எதுக்குன்னா, தேய்ச்சும் போகாம ஒண்ணு ரெண்டு சிப்பி வலையில மாட்டிக்கிட்டிருக்கும், அது சாயத்துல ஊறி நீலமாயிரும். அடுத்த மண்ணோட சேந்து விழுந்தாலும் அடையாளம் தெரியும், இது போன மண்ணோடதுன்னு தூக்கிப் போட்டுரலாம். இந்த ஏற்பாட்டை இந்த லேப்ல கறாரா நடத்தினது நான். சாயம் முக்காம எவளாவது சல்லடையை வெச்சா, ஆராய்ச்சி மாணவின்னு கூடப் பாக்க மாட்டேன், கிழிச்சுருவேன் கிழிச்சு. என் நகக்கண்ல எப்பவும் அந்த நீலம் இருக்கும், என் மக கல்யாணத்துல மருதாணிக்கு அடியிலயும் இருந்துச்சு. நீலத்தைக் கண்டா எடுத்துப் போடுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு, நானே அதை எடுத்து கட்டத்துல ஒட்டி, நம்பர் போட்டு, பேரெழுதி, ஐயோ, எத்தனை அழகா எழுதியிருக்கேன்! பதினேழாம் நம்பர் மண்ணு. பதினேழு.

திரையில இப்ப அந்தச் சுரங்கம் தெரியுது. அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல்லு எடுத்து முடிச்சு விட்டுட்ட குழி, அடியில பச்சைத் தண்ணி. சுவர்ல பட்டை பட்டையா மண்ணு, நிறைமதி அதுல ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கா. கோட்டுக்குக் கீழே டைனோசர் இருந்த காலம், கோட்டுக்கு மேலே அது அழிஞ்ச பிறகு. அடியிலேருந்து மேலே ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு மண்ணு எடுத்தா. ஒம்பதாம் நம்பர் கோட்டுக்குக் கீழே. பதினேழு கோட்டுக்கு மேலே, நாலு மீட்டர் மேலே. கோட்டோட அழிஞ்சு போச்சுன்னு உலகமே சொல்ற ஒரு சிப்பி, பதினேழுல மூணு கெடைச்சுது. அதுதான் அவ ஆராய்ச்சி. அழியலை, தப்பிச்சுது, நாலு மீட்டர் மண்ணு சேர்ற அளவுக்கு அதுக்கப்புறமும் உசிரோட இருந்துச்சு. முன் வரிசையில அவங்கப்பா உக்காந்திருக்காரு. இதே மாதிரி ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்துல டம்பர் லாரி ஓட்டறவரு. சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. மக பேசற இங்கிலீசுல ஒரு வார்த்தை புரியாது, ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டறாரு, அவரு ஆட்டறது பின்னாலேருந்து பாக்க, சரி சரி அப்படியே போன்னு லாரியை ரிவர்ஸ் எடுக்கறவனுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. சிரிப்பு வருது எனக்கு. இப்பப் போயி சிரிப்பு வருதே, சீ. அந்த மனுசன் நேத்து டிப்போவுல எல்லாருக்கும் லட்டு குடுத்தாராம். இன்னும் ஆகவே இல்லை, அதுக்குள்ள லட்டு.

முதல்ல எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. இது மேலே வாழ்ந்ததா, கீழேருந்து வந்து விழுந்ததா? அதுக்கு ஒரு பேரு இருக்கு, ரீவொர்க்டும்பாங்க, ஞானதிரவியம் சார் அதைச் சொல்லும்போது ஏதோ வியாதிப் பேரைச் சொல்ற மாதிரி முகத்தைச் சுளிப்பாரு. நிறைமதிக்கு அவருதான் வழிகாட்டி. கடல் சும்மா இருக்காது, பழைய தரையை அரிச்சு, அதுல புதைஞ்சு கெடக்கறதைக் கிளப்பி, அலசி, கொண்டுபோயி புது மண்ணுல போட்டுரும். பழைய சிப்பி புது மண்ணுல கெடக்கும், பாக்கறவன் அதுவும் இதே காலத்துதுன்னு ஏமாந்துருவான். ஆனா அடிபட்டு வந்தது முகத்துலயே தெரியும், ஓரம் தேய்ஞ்சிருக்கும், மங்கலா இருக்கும். இந்த மூணும் அப்படி இல்லை. ஓரம் அப்படியே கூர்மையா, நேத்து செத்த மாதிரி இருந்துச்சு. அதை வெச்சே மூணு வருசம் வாதாடினா இவ. தேயலை, உடையலை, அதனால அடிச்சுக்கிட்டு வரலை, அதனால இங்கேயே வாழ்ந்துச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஏண்டி தேயும்? எங்க தேயறதுக்கு நேரம் இருந்துச்சு அதுக்கு? கடல் லட்சக்கணக்கான வருசத்துல செய்யறதை நான் ஒரு வியாழக்கிழமை காலையில, பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவுல, ஒரு சல்லடையில செஞ்சு முடிச்சுட்டேன். ஒம்பதாம் நம்பர் மண்ணுலேருந்து எடுத்து பதினேழாம் நம்பர்ல போட்டேன். ஓரம் கூட நசுங்காம, பூப்போல.

அந்த வியாழக்கிழமையை காலையிலேருந்து நூறு தடவை கழுவிப் பாத்துட்டேன். தண்ணி பதினோரு மணிக்கு நின்னுரும்னு சொன்னாங்க, மோட்டார் ரிப்பேர். ஒரே நாள்ல கீழ் மண்ணையும் மேல் மண்ணையும் கழுவறது கெடையாது, அது நான் போட்ட சட்டம். ஆனா நிறைமதி வந்து நின்னா, மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பச் சாயங்காலம் கடைசி, அக்கா பதினேழை மட்டும் இன்னைக்கே பாத்துட்டா போதும் அக்கா, ப்ளீஸ் அக்கா. ஒம்பதைக் கழுவி அப்பத்தான் இறக்கி வெச்சிருந்தேன். அவ சொன்னா நான் செய்யணுமா? செஞ்சேன். சாயத்துல முக்கினேன், முக்காம இல்லை, பத்து நிமிசம் முக்கலை, ரெண்டு நிமிசம் இருக்கும். பத்து நிமிசம் ஊறின நீலம் மஞ்சள் பல்புலயும் பளிச்சுன்னு தெரியும், ரெண்டு நிமிசத்து நீலம் தெரியாது. சல்லடை ஓரத்துல வலையும் வளையமும் சேர்ற இடத்துல ஒரு மயிரிழை இடுக்கு, அங்கதான் போயி ஒளிஞ்சுக்கும், எனக்குத் தெரியும், அதுக்குன்னு ஒரு பல்லு பிரஷ் வெச்சிருக்கேன், அன்னைக்கு அந்த பிரஷ்ஷைத் தேடக் கூட இல்லை. புதுச் சல்லடை வேணும்னு எழுதிக் குடுத்தேனே சாருக்கு, ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், பாக்கலாம் தவமணின்னாரு. அப்போ அவரு தப்பும்தானே? மோட்டார்காரன் தப்பும்தானே? இப்படியே பங்கு போட்டுக்கிட்டே போனா என் கையில ஒண்ணுமே மிஞ்சாது போலிருக்கு, ஆனா திரும்பிப் பாத்தா முழுசும் என் கையிலதான் இருக்கு. அந்த ரெண்டு வெள்ளை? அதுவும் அப்படி வந்ததுதானா? ரெண்டு நிமிசத்துல சாயம் ஏறாம வந்திருக்கலாம். இல்லை, நெசமாவே அங்கேயே இருந்ததா இருக்கலாம். இருக்கலாம்ல? ஒண்ணு மட்டும் என்னோட தப்பு, ரெண்டு அதோட உண்மை, அப்படி இருக்கக் கூடாதா? அதுக்கப்புறம் பதினேழாம் நம்பர் மண்ணை மூணு தடவை அள்ளிக்கிட்டு வந்து கழுவினோம், ஒண்ணு கூடக் கெடைக்கலை. கெடைக்கலைன்னதும் எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா, அபூர்வம்னாங்க. கெடைக்காததால அதுக்கு மவுசு கூடிப்போச்சு. தண்ணி பாட்டில் எல்லாம் முன் வரிசையில இருக்கு.

சொல்லப் பாக்காம இல்லை. பத்து மணிக்குப் பாத்தேன், பத்தேகாலுக்கு சார் ரூம் வாசல்ல நின்னேன். உள்ள தேர்வாளர் மேடத்துக்கு வெண்பொங்கல் பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. சார்னு கூப்பிட்டேன். சட்னி இன்னும் கொஞ்சம் வேணும் தவமணின்னாரு. சட்னி கொண்டு போயி வெச்சேன். மறுபடி சார்னேன். மத்தியானம் பேசிக்கலாம்மா, கெஸ்ட் இருக்காங்கல்லன்னாரு, கோவமா இல்லை, நல்லபடியாத்தான் சொன்னாரு. அப்புறம் பின்னு குத்தி விடற சாக்குல நிறைமதிகிட்டப் போனேன். அவங்கம்மா மல்லிகைப்பூ வெச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க, இவ என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா, கை ஐஸ் மாதிரி. அக்கா, எதா இருந்தாலும் இப்பச் சொல்லாதீங்க அக்கா, தலையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது, மூணு மணிக்கு மேல என்ன வேணாலும் சொல்லுங்க, திட்டக்கூடத் திட்டுங்க. அவங்கம்மா சிரிச்சாங்க. முப்பத்தோரு வயசு இவளுக்கு. கும்பகோணத்துல ஒரு காலேஜ்ல வேலை காத்துக்கிட்டிருக்கு, முப்பதாம் தேதிக்குள்ள பட்டம் கையில இருக்கணும், இல்லைன்னா பட்டியல்ல அடுத்த ஆளு. இன்னைக்குத் தேதி பத்தொம்பது. நான் என்ன செஞ்சேன்? லேப்புக்குத் திரும்பிப் போனேன். புது மைக்ராஸ்கோப்பு முன்னால உக்காந்தேன். பிரஷ் நுனியை நாக்குல வெச்சு ஈரம் பண்ணி, நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம், நாக்கு ஈரத்துலதான் சிப்பி ஒட்டும், அந்த நீலத்துக்கு மேல கொண்டு போனேன். தொட்டு எடுத்து மறுபடி நாக்குல வெச்சா முடிஞ்சுது. ஒரு முழுங்கு. ரெண்டு சிப்பிதான் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது, மூணாவது ஒட்டு விட்டு விழுந்துருச்சும்மான்னு சொல்லலாம், விழறதுதான், விழாம இருக்குமா. பிரஷ் அங்கேயே நின்னுச்சு. முடியலை. வேற ஒண்ணு செஞ்சேன். புது மைக்ராஸ்கோப்பைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, பழசை, மஞ்சள் பல்பு பழசை, நானே தூக்கிக்கிட்டு வந்து இந்த ஹால் மேசையில வெச்சேன். பத்மலோசனி மேடம் ஒண்ணே முக்காலுக்குக் குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. நிமிந்து, பியூட்டிஃபுல்னாங்க.

இப்ப அவங்கதான் கேள்வி கேக்கறாங்க. முடிஞ்சுது போல பேச்சு, எல்லாரும் கொஞ்சம் அசைஞ்சு உக்காந்தாங்க. இங்கிலீசு எனக்குப் பாதிதான் புரியும், ஆனா இந்தப் பாதி நல்லாவே புரியும், இதைத்தானே இருபத்துமூணு வருசமாக் கேக்கறேன். எப்படிச் சொல்றீங்க ரீவொர்க்டு இல்லைன்னு? வந்துருச்சு. நிறைமதி புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டுச் சொல்றா, ஓரம், பளபளப்பு, உள்ள அடைச்சிருக்கற களிமண்ணு. மேடம் விடலை. உள்ள இருக்கற களி ரெண்டு அடுக்குலயும் ஒரே சாம்பல் நிறம்தானே? ஆமாங்கறா, ஒத்துக்கறா, அதனாலதான் அதை மட்டும் நம்பலைங்கறா. கெட்டிக்காரி. அழுத்திக் கேளுங்க மேடம், இன்னும் கேளுங்க, சல்லடையைப் பத்திக் கேளுங்க, லேப்ல யாரு கழுவினா, என்னைக்குக் கழுவினான்னு கேளுங்களேன், நீங்க கேட்டா நான் சொல்லிருவேன். கேக்கலை. கடலைப் பத்தித்தான் கேக்கறாங்க. அலையைப் பத்தி, நீரோட்டத்தைப் பத்தி. இந்தப் பெரிய மனுசங்களுக்கு எல்லாமே கடல்தான், குழாயடி கண்ணுக்கே தெரியாது. தப்பான வயசு போட்டுட்டா என்ன ஆகும்னு என்னைக் கேட்டா நான் சொல்வேன். எனக்கு முந்திப் பொறந்தவ ஒருத்தி இருந்தா, மூணு வயசுல அம்மை போட்டுப் போயிட்டா, அவ பேரும் தவமணி. நான் பொறந்ததும் அதே பேரை எனக்கு வெச்சாங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எங்கப்பா பதிவேட்டுலேருந்து எடுத்துக் குடுத்த பொறந்த தேதி அவளோடது. பேரு ஒண்ணுதானே, எல்லாம் ஒண்ணுதான்னாராம். அதனால சர்க்கார் கணக்குல எனக்கு மூணு வயசு கூட. வர்ற மே மாசம் ரிட்டயர்டு. இன்னும் மூணு வருசம் என் கை நல்லா வேலை பாக்கும், ஆனா செத்துப்போன பிள்ளைக்கு அறுபதாகுது, அதனால நான் வீட்டுக்குப் போகணும். யாரும் பொய் சொல்லலை அதுல. எங்கப்பா பொய் சொல்லத் தெரியாதவரு. அவசரத்துல கைக்குக் கெடைச்சதை எடுத்துக் குடுத்தாரு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் எல்லாரும் அதையே பாத்து எழுதினாங்க. திருத்தப் போனப்ப ஆபீசுல ஒருத்தன் கேட்டான், இத்தனை வருசம் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு. நானும் அதையே எனக்குள்ள கேட்டுக்கிட்டு வந்தேன்.

ஆறு வருசம். ஆறு வருசத்துல ஒரு நாள் வெள்ளை வெளிச்சத்துல பாத்திருந்தா. பாக்கத் தோணலையே. இப்ப எந்திரிச்சுச் சொன்னா என்ன ஆகும்? முதல்ல யாருக்கும் புரியாது. அப்புறம் ஞானதிரவியம் சாருக்குப் புரியும், அவரு முகம் எப்படிப் போகும்னு தெரியும். அப்புறம் மேடத்துக்குப் புரியும். அப்புறம் இவளுக்கு. இல்லை, இவளுக்குத்தான் முதல்ல புரியும், நீலம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவளை நான்தானே பழக்கினேன். அவங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் புரியாது, தலையாட்டிக்கிட்டே இருப்பாரு. சொல்லாம விட்டா? இவ டாக்டராவா. காலேஜ்ல சேருவா. அந்த மூணு சிப்பியைப் பத்திப் பாடம் நடத்துவா, பிள்ளைங்க எழுதிக்கும், வேற ஊர்ல வேற எவனோ புதுச் சல்லடையில நல்லபடியாக் கழுவிப் பாத்து, கெடைக்கலையேன்னு தேடித் தேடிச் சாவான். அவனை எனக்குத் தெரியாது. இவளை எனக்குத் தெரியும். கண்ணு எரியுது. மூணு மணிக்கு மேல என்ன வேணாலும் சொல்லுங்கன்னாளே, மூணு மணிக்கு மேல சொல்லி என்ன பிரயோஜனம், அதுக்குள்ள தேர்வு முடிவு கையெழுத்தாகி உறையில போட்டு ஒட்டிருவாங்க. தனியாக் கூப்பிட்டுச் சொன்னா இவ என்ன பண்ணுவா? மறைச்சான்னா இவளும் என் தப்புக்குள்ள வந்துருவா. மறைக்கலைன்னா வேலை போச்சு. ரெண்டுல எதையும் நான் அவ தலையில வெக்க மாட்டேன். வெச்சுட்டுத்தானே இருக்கேன்? கடவுளே, எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுது.

பார்வையாளர்கள்ல யாருக்காவது கேள்வி இருக்காங்கறாரு சார். இது வழக்கம். பொது வாய்மொழித் தேர்வுன்னா பொதுதான், வாட்ச்மேன் கூடக் கேக்கலாம்னு சட்டம், யாரும் கேக்க மாட்டாங்க, பத்து எண்ணற நேரம் சும்மா இருந்துட்டு, நன்றின்னு முடிச்சுருவாங்க. எத்தனை தேர்வுல இந்தப் பத்து எண்ணிக்கையைப் பாத்திருக்கேன், இந்த நேரத்துலதான் நான் டீ கப்பு அடுக்கப் போவேன். ஒண்ணு. ரெண்டு. ஃபேன் சத்தம். யாரோ மல்லிகைப்பூவைக் கீழே போட்டுருக்காங்க. நாலு. எந்திரிச்சுட்டேன். நெசமாவே எந்திரிச்சு நிக்கறேன். நாற்காலி தரையில இழுபட்டு ஒரு சத்தம், எல்லாத் தலையும் திரும்புது. சார் என்னைப் பாத்து லேசாச் சிரிக்கறாரு. என்ன தவமணி, டீ வந்துருச்சா? ரெண்டு மூணு பேரு சிரிக்கறாங்க. வந்துருச்சு சார்ங்கறேன். வந்தது உண்மைதான், ஃபிளாஸ்க் வாசல்ல இருக்கு. அஞ்சு நிமிசம் இரும்மா, முடிச்சுட்டுக் குடுத்துரலாம்ங்கறாரு. நான் உக்காரலை. அப்பத்தான் பத்மலோசனி மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை நேராப் பாத்து, தமிழ்ல, இல்லைம்மா, நீங்க ஏதோ கேக்க வந்தீங்க போல, கேளுங்கங்கறாங்க. இருபத்துமூணு வருசத்துல இந்த ஹால்ல ஒருத்தர் என்னைப் பேசச் சொன்னது இதான் முதல் தடவை.

நீலம்னு ஒரு சொல்லு. மூணு எழுத்து. நிறைமதி என்னைப் பாக்கறா, பயமே இல்லை அவ கண்ணுல, மேடைக்கு ஏறினதுலேருந்து இப்பத்தான் பயமில்லாமப் பாக்கறா, ஹால்ல ஒரு மனுசியாவது தெரிஞ்சவளாக் கெடைச்சாளேங்கற மாதிரி. அவங்கப்பா திரும்பி எனக்கும் தலையாட்டறாரு. கேள்வியாத்தான் வந்துச்சு எனக்கு, கேள்விதானே கேக்கச் சொன்னாங்க. அந்தச் சிப்பி, அது அந்த மண்ணுல இருந்ததுதானாம்மா, இல்லை வேற எங்கேருந்தாவது அதுல வந்து விழுந்திருக்குமா? குரல் எனக்கே கேக்கலை. கடல்லேருந்து இல்லை, நம்ம லேப்லங்கறேன். லேப்லயே கலந்திருக்கலாமில்லையா. சொல்லிட்டேன், பாதி சொல்லிட்டேன், மீதியை அவ கேக்கணும், ஏன் அக்கா கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். ஞானதிரவியம் சார் புருவத்தைத் தூக்கறாரு. மேடம், நல்ல கேள்விங்கறாங்க, ரொம்ப நல்ல கேள்வி, நான் கேட்டிருக்கணும். நிறைமதி பக்கம் திரும்பறாங்க, பதில் சொல்லும்மா.

நிறைமதி ஒரு நொடி கூட யோசிக்கலை. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, இங்கிலீசை விட்டுட்டுத் தமிழ்ல பேசறா. மேடம், எங்க லேப்ல அது நடக்காது. நாங்க எல்லாரும் செய்யற தப்பைக் கண்டுபிடிச்சுக் கையில அடிக்கறவங்க இவங்கதான். ஒவ்வொரு மண்ணுக்கும் நடுவுல சல்லடையைச் சாயத்துல முக்கி எடுப்பாங்க, ஒரு துகள் கலந்தாலும் நீலமாத் தெரியும், தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவாங்க. அந்த மூணு சிப்பியைக் கழுவினதும் இவங்க, மணல்லேருந்து எடுத்ததும் இவங்க. ஆய்வேட்டுல எல்லா ஆதாரமும் எழுதினேன், இதை எழுத எனக்கு இடம் கெடைக்கலை. தவமணி அக்கா கையில வந்த மண்ணுல கலப்பு இருக்காது மேடம். எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கெடையாது. அவ குரல் உடைஞ்சுது, கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. மேடம் தலையை ஆட்டி, பேனாவை எடுத்து முன்னால இருந்த தாள்ல என்னமோ எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாங்க. அவங்கப்பாதான் முதல்ல எந்திரிச்சாரு. கும்பிட்டபடி என் பக்கம் திரும்பி நின்னாரு. அப்புறம் அவங்கம்மா, அப்புறம் முன் வரிசை, அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்துக் கை தட்டினாங்க, ஞானதிரவியம் சார் கூட. என்னைச் சுத்தி எல்லாரும் தட்டிக்கிட்டே இருந்தாங்க, சத்தம் நிக்கவே இல்லை, நானும் தட்டினேன்.